இன்ஜினீயர் செய்த இதய வால்வு
மைல்ஸ் லோவெல் எட்வர்ட்ஸ் (1898–1982)

இதய ஆபரேஷன் என்றதும் நமக்கு டாக்டர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அது நியாயம்தான். நெஞ்சைத் திறப்பவர்கள் அவர்கள். ஆனால் திறந்த நெஞ்சுக்குள் வைப்பதற்கு ஒரு பொருள் வேண்டுமே, அதை யார் செய்து கொடுத்தார்கள் என்று நாம் கேட்பதே இல்லை. கெட்டுப்போன மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு செயற்கை வால்வை வைத்து, ஒரு மனிதரைப் பல வருஷம் வாழவைத்த முதல் ஆபரேஷன் 1960-ல் அமெரிக்காவில் நடந்தது. கத்தி பிடித்தவர் 34 வயது டாக்டர். வால்வைச் செய்தவர் 62 வயது இன்ஜினீயர். மருத்துவம் ஒரு நாள்கூடப் படித்தவரில்லை. பம்ப்பும் பைப்பும் அவர் தொழில். அவர் பெயர் மைல்ஸ் லோவெல் எட்வர்ட்ஸ்.

நம் கல்லூரியில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு எந்தெந்தத் துறைக்கோ போய்விட்ட நண்பர்களுக்கும், இப்போது வகுப்பில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் எதற்குப் பயன்படப் போகிறது என்று யோசிக்கும் தம்பி தங்கைகளுக்கும் இவருடைய கதையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இன்னொரு காரணமும் இருக்கிறது. அவர் வாழ்க்கையின் முக்கியமான முடிச்சு, நம் நீலகிரி மலையின் லைன் வீடுகளில் இருக்கும் பிள்ளைகளையும் தொடுகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சிறுவயதுக் காய்ச்சல்

எட்வர்ட்ஸ் 1898-ல் அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆரிகன் மாநிலத்தில் நியூபெர்க் என்ற சிறிய ஊரில் பிறந்தார். காடும் மழையும் மரம் வெட்டும் தொழிலும் நிறைந்த மாநிலம் அது. பள்ளிப் பருவத்தில் அவருக்கு இரண்டு முறை ருமாட்டிக் காய்ச்சல் வந்தது.

இந்தக் காய்ச்சலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் மீதிக் கதை புரியும். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வருவது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற ஒரு வகை பாக்டீரியாவால் முதலில் தொண்டை வலி வரும். அதுவாகவே நாலைந்து நாளில் சரியாகிவிடும், அம்மாவும் மறந்துவிடுவாள். இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பவும் காய்ச்சல். முழங்கால் வீங்கும், அது வற்றியதும் கணுக்கால், பிறகு முழங்கை என்று வலி இடம் மாறி இடம் மாறிப் போகும். அந்த பாக்டீரியாவை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பின் பாதுகாப்புப் படை, ஆள் அடையாளம் தெரியாமல் தன் உடம்பையே தாக்குவதுதான் இதற்குக் காரணம். மூட்டு வலி சுவடே இல்லாமல் போய்விடும். ஆனால் இதய வால்வுகளில் தழும்பு விழுந்தால் அது போகாது. ஒவ்வொரு முறை காய்ச்சல் திரும்பும்போதும் தழும்பு கூடும். மெல்லிய பட்டுத்துணி போல இருக்க வேண்டிய வால்வு இதழ்கள் தடித்து, சுருங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

எட்வர்ட்ஸ் சிறுவனாக இருந்தபோது பெனிசிலின் கிடையாது. அது கண்டுபிடிக்கப்பட்டதே 1928-ல்தான். படுக்கையில் ஓய்வும் ஆஸ்பிரின் வகை மருந்தும்தான் வைத்தியம். இரண்டு முறை படுத்து எழுந்த அந்தப் பையன் மனதில் இதயம் என்ற உறுப்பைப் பற்றிய யோசனை தங்கிவிட்டது. பிற்காலத்தில் அவர் இதயத்தின் பக்கம் திரும்பியதற்கு இந்தச் சிறுவயது அனுபவமே வித்து.

பம்ப் செய்த பணம்

ஆரிகன் மாநில வேளாண் கல்லூரி என்று அப்போது பெயர் பெற்றிருந்த கல்லூரியில் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் படித்து 1924-ல் பட்டம் வாங்கினார். அப்போது வயது 26. படித்தது எலெக்ட்ரிகல் என்றாலும் அவருடைய கை போனது திரவங்களின் பக்கம். மரக்கட்டைகளின் பட்டையை அதிவேகத் தண்ணீரைப் பீய்ச்சியே உரித்தெடுக்கும் எந்திரத்தை உருவாக்கினார். மரத்தொழில் நடக்கும் ஊரில் அது பெரிய விஷயம். ஆனால் அவருக்குப் பெரும் பணம் கொண்டுவந்தது விமானத்துக்கான பெட்ரோல் பம்ப்.

அந்தப் பம்ப்பின் அருமை மலைவாசிகளான நமக்கு மற்றவர்களைவிட நன்றாகப் புரியும். ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதனால் குக்கர் இல்லாமல் நம் வீடுகளில் சமையல் இல்லை. இதே சங்கதி பெட்ரோலுக்கும் உண்டு. கார்புரேட்டர் காலத்துக் கார்கள் கல்லாறு தாண்டிக் குன்னூர் ஏறும்போது நடுவழியில் நின்றுவிடும். டிரைவர் இறங்கிப் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருப்பார். குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வதுதான் கோளாறு. கார் என்றால் ஓரமாக நிறுத்தலாம். 20,000 அடிக்கு மேல் பறக்கும் போர் விமானத்தை எங்கே நிறுத்துவது? எட்வர்ட்ஸ் உருவாக்கிய சுழல் பம்ப், பெட்ரோலை அழுத்தம் கொடுத்து எஞ்சினுக்குத் தள்ளி, ஆவி அடைப்பு வராமல் பார்த்துக்கொண்டது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவ விமானங்களில் பெரும்பாலானவை இந்த வகைப் பம்ப்போடுதான் பறந்தன.

மொத்தம் 63 காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன. 60 வயதில் வசதியாக ஓய்வு பெற்றிருந்தார். கை லேசாக நடுங்கும் நோயும் வந்திருந்தது. இதற்கு மேல் அவர் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

கேட்டது இதயம், கிடைத்தது வால்வு

1958-ல் ஒரு நாள் போர்ட்லண்ட் நகரத்திலிருந்த ஆரிகன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்கு எட்வர்ட்ஸ் போனார். அங்கே ஆல்பர்ட் ஸ்டார் என்ற 32 வயது சர்ஜன், இதய ஆபரேஷன் பிரிவைத் தொடங்குவதற்காக நியூயார்க்கிலிருந்து வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வந்தவர் கோல்ஃப் விளையாடப் போகிறவர் மாதிரி உடுத்தியிருந்தார், கை நடுங்கிக்கொண்டிருந்தது. விஷயம் என்ன என்று கேட்டால், செயற்கை இதயம் செய்யப் போகிறேன், கூட்டுச் சேருகிறீர்களா என்கிறார். இதயமும் ஒரு பம்ப்தானே என்பது அவர் கணக்கு.

ஸ்டார் அவரைப் பைத்தியக்காரர் என்று அனுப்பிவிடவில்லை. அதே நேரம் சரி என்றும் தலையாட்டவில்லை. முழு இதயம் செய்யும் அளவுக்கு இன்னும் யாருக்கும் அறிவு போதாது, இதயத்துக்குள் இருக்கும் ஒரு வால்வையே இதுவரை யாராலும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை, முதலில் வால்விலிருந்து ஆரம்பிப்போம் என்று சொன்னார். எட்வர்ட்ஸ் ஒப்புக்கொண்டார். நம்மில் பலருக்கு இந்த இடத்தில் கோபம் வந்திருக்கும். 63 காப்புரிமை வைத்திருக்கும் மனிதரிடம் பாதி வயதுக்காரர் வந்து உன் திட்டம் பெரிசு, சின்னதாகக் கேள் என்றால் யாருக்குத்தான் வராது? பிரச்சினையின் அளவைத் தெரிந்தவர் சொன்னால் கேட்டுக்கொள்வதும் இன்ஜினீயரிங்கில் சேர்த்திதான்.

வால்வின் வேலை

நம் இதயத்தில் நாலு வால்வுகள். ரத்தத்தை ஒரே திசையில் விட்டு, திரும்பி வராமல் தடுப்பது அவற்றின் வேலை. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு என்ன செய்கிறதோ அதேதான். வித்தியாசம், இது ஒரு நாளைக்கு சுமார் ஒரு லட்சம் தடவை திறந்து மூட வேண்டும். வருஷத்துக்கு நாலு கோடி தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வீசுக்கு நிறுத்த முடியாது.

இடப்பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது மைட்ரல் வால்வு. ருமாட்டிக் காய்ச்சல் அதிகமாகக் கெடுப்பது இதைத்தான். இதழ்கள் ஒட்டி வழி குறுகிவிட்டால் ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கும். குழந்தை நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், ராத்திரி படுக்க முடியாமல் எழுந்து உட்காரும். 1925-ல் லண்டனில் ஹென்றி சூட்டர் என்ற சர்ஜன், துடித்துக்கொண்டிருக்கும் ஒரு இளம்பெண்ணின் இதயத்துக்குள் விரலை விட்டு இந்த வால்வை விரித்துவிட்டார். அந்தப் பெண் பிழைத்தார். ஆனால் அந்த முறை 1948-க்குப் பிறகுதான் பரவலாகக் கையாளப்பட்டது. ஒட்டியிருந்தால் விரலால் பிரிக்கலாம். முழுக்கச் சுருங்கி ஒழுக ஆரம்பித்துவிட்டால் விரலுக்கு வேலை இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். 1953-ல் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் எந்திரத்தைப் பயன்படுத்தி ஆபரேஷன் செய்து காட்டிய பிறகு, இதயத்தை நிறுத்தி வைத்துவிட்டு உள்ளே வேலை பார்க்கும் வாய்ப்பு வந்தது. ஆக 1958-ல் பட்டறை தயார், உதிரிபாகம்தான் இல்லை.

கோலி சோடா தத்துவம்

எட்வர்ட்ஸ் தன் சொந்தப் பட்டறையில் வேலையை ஆரம்பித்தார். அவர் ஒரு வால்வு செய்து கொண்டுவருவார். ஸ்டார் அதை நாய்க்கு வைத்துப் பார்ப்பார். என்ன கோளாறு என்று சொல்வார். எட்வர்ட்ஸ் பட்டறைக்குத் திரும்பி அடுத்ததைச் செய்வார்.

முதலில் இயற்கையைப் பார்த்து, கீல் வைத்த இதழ்கள் கொண்ட வால்வைச் செய்தார்கள். இரண்டு மூன்று நாளில் நாய்கள் செத்தன. தையல் போட்ட ஓரத்தில் ரத்தம் உறைந்து, அந்த உறைவு மெல்ல நகர்ந்து இதழ்கள் வரை வந்து அடைத்துவிடும். எப்படி மாற்றி மாற்றிச் செய்தாலும் இதே கதிதான்.

அப்போதுதான் கூண்டுக்குள் பந்து என்ற பழைய யோசனைக்குப் போனார்கள். நமக்கு இது புதிதில்லை. கோலி சோடா பாட்டிலின் கழுத்தில் இருக்கும் கோலிக்குண்டு என்ன செய்கிறது? உள்ளே அழுத்தம் இருக்கும்வரை வாயை அடைத்து நிற்கிறது, கட்டை விரலால் தள்ளினால் வழி விடுகிறது. தேயிலைக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதன் உள்ளேயும் ஒரு குண்டு வால்வு இருப்பது தெரியும். பந்தை வைத்துப் பாட்டிலை அடைக்கும் முறைக்கு 1858-லேயே அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்திருக்கிறார்கள். 1952-ல் சார்லஸ் ஹஃப்னகல் என்ற சர்ஜன், இதயத்துக்கு வெளியே கீழிறங்கும் பெருந்தமனியில் ஒரு பந்து வால்வை வைத்திருந்தார்.

பந்து வால்வு பார்க்க அழகில்லை, இதயத்தில் இருக்கும் எதனோடும் அதற்கு ஒற்றுமையில்லை. ஆனால் அதில் கீல் இல்லை, மடிப்பு இல்லை. ஓரத்தில் உறைவு பிடித்தாலும் அது பற்றிக்கொண்டு வளர ஒரு மூலை இல்லை. பந்து ஒவ்வொரு துடிப்பிலும் சுழன்று, தன் இருக்கையைத் தானே துடைத்துக்கொண்டே இருக்கும். நாய்கள் பிழைத்தன. வாரம் மாதமானது. இயற்கை எப்படிச் செய்திருக்கிறது என்பதைவிட, நம் கையில் இருக்கும் பொருளுக்கு எது ஒத்துவரும் என்று பார்த்ததில்தான் இன்ஜினீயரின் புத்தி வேலை செய்தது.

பந்து சிலிக்கோன் ரப்பர். கூண்டு முதலில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் இருந்தது. உடையாமல் இருக்க அதன் கால்களைத் தடிமனாகச் செய்ய வேண்டியிருந்ததால் ரத்தம் போகும் வழி குறைந்தது. ஸ்டெல்லைட் என்ற உறுதியான உலோகக் கலவைக்கு மாறியதும் கால்கள் மெலிந்தன, வழி அகலமானது. வால்வை இதயத்தோடு சேர்த்துத் தைக்க, சுற்றிலும் துணியால் ஒரு வளையம். டாக்டரின் ஊசி எங்கே போக வேண்டும் என்று யோசித்துச் செய்த வளையம் அது. பட்டறையில் உட்கார்ந்தபடியே தைப்பவர் கையையும் நினைத்துப் பார்த்தால்தான் இப்படிச் செய்ய முடியும்.

1960

அந்தக் கல்லூரியின் இதயநோய்ப் பிரிவுத் தலைவர் ஹெர்பர்ட் கிரிஸ்வோல்ட் ஒரு நாள் நாய்க் கூடத்துக்கு வந்தார். நெஞ்சுக்குள் வால்வு கிளிக் கிளிக்கென்று அடிக்க, நாய்கள் வாலாட்டிக்கொண்டு குதித்தன. இனிக் காத்திருக்க வேண்டாம், வேறு வழியே இல்லாமல் செத்துக்கொண்டிருக்கும் நோயாளிகள் என் வார்டில் இருக்கிறார்கள் என்றார் அவர். ஸ்டாருக்கே அது திகைப்பாகத்தான் இருந்தது.

1960 ஆகஸ்ட் 25-ம் தேதி முதல் ஆபரேஷன். 33 வயதுப் பெண். வால்வு நன்றாக வேலை செய்தது, மயக்கம் தெளிந்து கண் விழித்தார். ஆனால் இதயத்துக்குள் தங்கிவிட்ட காற்றுக்குமிழி மூளைக்குப் போய், அன்றே இறந்துவிட்டார். வால்வில் பிழையில்லை. ஆனாலும் அந்த அம்மாள் வீடு திரும்பவில்லை. இதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். இன்று ஒவ்வொரு இதய ஆபரேஷனிலும் காற்றை வெளியேற்றுவதற்கு அவ்வளவு கவனம் எடுக்கிறார்கள் என்றால், இப்படிப்பட்ட உயிர்கள் கற்றுக்கொடுத்த பாடம் அது.

செப்டம்பர் 21-ம் தேதி இரண்டாவது ஆபரேஷன். 52 வயது ஆண். அவர் பிழைத்தார், வீட்டுக்குப் போனார், பத்து வருஷம் வாழ்ந்தார். கடைசியில் அவர் இறந்தது இதயத்தால் அல்ல. வீட்டுக்கு வர்ணம் அடிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து!

1961-ல் மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரையில் ஸ்டார், எட்வர்ட்ஸ் இருவர் பெயரும் இருந்தன. வால்வுக்கும் ஸ்டார்–எட்வர்ட்ஸ் என்றே பெயர் நிலைத்தது. இருவரும் முதன்முதலில் சந்தித்து அப்போது மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது.

பழுதும் திருத்தமும்

முதல் வெற்றியோடு கதை முடிந்துவிடவில்லை. சில வருஷம் கழித்துச் சில நோயாளிகளின் சிலிக்கோன் பந்து ரத்தத்திலுள்ள கொழுப்பை உறிஞ்சி ஊதுவதும் வெடிப்பதும் தெரியவந்தது. சோதனைக் கருவியில் எத்தனை கோடித் தடவை அடித்துப் பார்த்தாலும் இந்தக் கோளாறு வெளிப்பட்டிருக்காது, ஏனென்றால் அங்கே ஓடுவது ரத்தம் இல்லையே! ரப்பரைப் பதப்படுத்தும் முறையை மாற்றி 1960-களின் நடுவில் அதைச் சரிசெய்தார்கள். அதன்பின் வந்த வால்வுகளில் சில நாற்பது வருஷத்துக்கும் மேல் ஓடின. உலகமெங்கும் லட்சத்துக்கும் அதிகமானவர்கள் நெஞ்சில் இந்த வால்வு அடித்தது. 2007-ல்தான் அதன் தயாரிப்பை நிறுத்தினார்கள்.

வால்வு செய்வதற்காக எட்வர்ட்ஸ் கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் எட்வர்ட்ஸ் லேபரட்டரீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1966-ல் அது அமெரிக்கன் ஹாஸ்பிடல் சப்ளை கம்பெனிக்குக் கைமாறியது. அதன் வழிவந்த எட்வர்ட்ஸ் லைஃப்சயன்சஸ் இன்றும் வால்வு செய்கிறது. அவர் கேட்டுப் போன செயற்கை இதயத்தை அவர் செய்யவேயில்லை. 1982-ல் 84 வயதில் காலமானார். இரண்டு முறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த பையன் அவ்வளவு வருஷம் வாழ்ந்தது அவருடைய அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டம் இல்லாதவர்களுக்குத்தான் அவர் செய்த வால்வு போனது.

குழந்தைக்கு வைக்கும் வால்வு

இங்கேதான் ஒரு கசப்பான விஷயம் வருகிறது. எட்வர்ட்ஸின் வால்வானாலும் சரி, அதற்குப் பிறகு வந்த தகடு வால்வுகளானாலும் சரி, குழந்தைகளைப் பொறுத்தவரை இவற்றால் தீராத பிரச்சினைகள் இருக்கின்றன.

முதலாவது, குழந்தை வளரும், வால்வு வளராது. எட்டு வயதில் வைத்த அளவு பதினாறு வயதில் பத்தாமல் போகலாம், திரும்பவும் நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, உலோக வால்வு வைத்தால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசு முழுக்க மாத்திரை. அளவு குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும், கூடினால் எங்காவது ரத்தம் கசியும். அதனால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. கீரை திடீரென்று அதிகம் சாப்பிட்டால்கூட மாத்திரையின் வேலை மாறும். பெண் பிள்ளை என்றால் வளர்ந்து கர்ப்பம் தரிக்கும் காலத்தில் அந்த மாத்திரை வயிற்றுக் குழந்தைக்கும் ஆபத்து. விலங்குத் திசுவில் செய்யும் வால்வு வைத்தால் மாத்திரைத் தொல்லை குறைவுதான். ஆனால் குழந்தைகள் உடம்பில் அது சீக்கிரமே சுண்ணாம்பு பிடித்துக் கெட்டுவிடுகிறது.

ஆகவே குழந்தைகளுக்கு முடிந்தவரை சொந்த வால்வையே ரிப்பேர் செய்யப் பார்க்கிறார்கள் இன்றைய சர்ஜன்கள். வழி குறுகியிருந்தால், 1980-களில் வந்த முறைப்படி, தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூனை அனுப்பி விரித்துவிடுகிறார்கள். மாற்றுவது கடைசி வழி.

நம் நாட்டுக் கதை

இந்தியாவில் நெஞ்சு அறுவை சிகிச்சைக்கு முதன்முதலாகத் தனிப் பிரிவு தொடங்கியது நம் தமிழ்நாட்டில்தான். 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அமெரிக்கரான டாக்டர் ரீவ் பெட்ஸ் அதை ஆரம்பித்தார். ஒட்டிய மைட்ரல் வால்வைப் பிரித்துவிடும் ஆபரேஷன் 1950-களில் அங்கே நடக்கத் தொடங்கியது. ஆனால் செயற்கை வால்வு வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஏழைக்கு அது எட்டாத விலை.

எட்வர்ட்ஸ் கதையின் இந்தியப் பதிப்பு திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் நடந்தது. சர்ஜன் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் (1934–2024), இன்ஜினீயர் ஜி.எஸ். புவனேஸ்வர், இன்னும் பலர் சேர்ந்து பத்து வருஷத்துக்கும் மேல் பாடுபட்டார்கள். மூன்று மாதிரிகள் தோற்றன. ஒன்றில் செயற்கை நீலக்கல்லால் செய்த தகடு, வால்வு வைத்த ஆட்டின் உடம்பிலேயே உடைந்தது. நாலாவது மாதிரியில் உறுதியான உலோகக் கூண்டும், உயர்ந்த வகைப் பாலிஎதிலீன் தகடும் வைத்தார்கள். 1990 டிசம்பர் 6-ம் தேதி அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டி.டி.கே. நிறுவனம் தயாரித்த அந்தச் சித்ரா வால்வு வெளிநாட்டு வால்வுகளைவிட மலிவு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. இங்கேயும் பாருங்கள், ஒரு டாக்டரும் ஒரு இன்ஜினீயரும் ஒரே மேஜையில் உட்கார்ந்த பிறகுதான் காரியம் நடந்தது.

நம் மலைக்கு வருவோம்

எட்வர்ட்ஸ் சிறுவனாக இருந்த காலத்தில் அவர் நாட்டில் இந்தக் காய்ச்சல் சகஜம். இன்று அங்கே அது அபூர்வம். வீடு விசாலமானது, நெரிசல் குறைந்தது, தொண்டை வலிக்கு உடனே மருந்து கிடைத்தது, காய்ச்சல் ஒதுங்கிவிட்டது. இது நெருக்கடியில் பரவும் நோய். சின்ன அறையில் ஆறேழு பேர் படுக்கும் இடத்தில், குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கும் இடத்தில், ஒரு பிள்ளையின் தொண்டையிலிருந்து அடுத்த பிள்ளைக்குப் போகும்.

இந்த வர்ணனை நமக்குத் தெரிந்த வீடுகளை ஞாபகப்படுத்துகிறதா, இல்லையா? 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968-ல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. அந்த லைன் வீடுகளிலும், கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கத்துத் தனியார் எஸ்டேட்களிலும் பிறந்து வளர்ந்தவர்கள் நம் கல்லூரியில் நிறையப் பேர் படித்திருக்கிறார்கள், இப்போதும் படிக்கிறார்கள்.

ஒரு முறை ருமாட்டிக் காய்ச்சல் வந்துவிட்ட குழந்தைக்கு 21 நாளைக்கு ஒரு தடவை பென்சத்தீன் பெனிசிலின் ஊசி போட வேண்டும். இரண்டாவது தாக்குதல் வராமல் வால்வைக் காப்பாற்றுவது அந்த ஊசிதான். எத்தனை வருஷம் என்பதை டாக்டர் சொல்வார். பெரும்பாலும் பிள்ளைப்பருவம் தாண்டும் வரை, வால்வு கெட்டிருந்தால் அதற்கு மேலும் போக வேண்டும். ஊசி விலை அதிகமில்லை, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஊசி வலிக்கும், பிள்ளை அழும். எஸ்டேட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய்வர ஒரு நாள் ஆகும். அம்மாவுக்கு அன்றைய கூலி போகும். பிள்ளைக்குத்தான் ஒன்றுமில்லையே, நன்றாக ஓடி விளையாடுகிறதே என்று தோன்றும். ஒரு தடவை விடுவார்கள், இரண்டு தடவை விடுவார்கள். கெடும் வால்வு சத்தம் போடாமல் கெட்டுக்கொண்டிருக்கும்.

ஆபரேஷனுக்கு இன்று வழி இருக்கிறது. 2009-ல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இவற்றால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் இதய ஆபரேஷன் நடக்கிறது. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025-ல் திறக்கப்பட்டிருக்கிறது. எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் இன்ஜினீயர்களான நமக்கு ஒரு பால பாடம் உண்டு. உதிரிபாகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பராமரிப்புக்கு ஈடாகாது. கம்பெனி கொடுத்த ஒரிஜினல் வால்வு பத்திரமாக ஓடும்போது, அதைக் கெடவிட்டுவிட்டு மாற்று வால்வு தேடுவது எந்த ஃபேக்டரியிலும் நியாயமாகாது. உலகத்திலேயே நல்ல மாற்று வால்வைச் செய்த எட்வர்ட்ஸின் கதையே ஒரு சாதாரணத் தொண்டை வலியில்தானே ஆரம்பித்தது!

அதனால் சங்கத்துக்கும் நண்பர்களுக்கும் ஒரு யோசனை. ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகைக்கு நாம் பணம் திரட்டுகிறோம். அதில் ஒரு பகுதியை ஒதுக்கி, நம் பகுதி அரசு டாக்டர்களிடம் கேட்டு, ஊசியில் இருக்கும் பிள்ளைகளின் குடும்பங்கள் சம்மதித்தால், 21-ம் நாள் பஸ் செலவையும் அம்மாவின் ஒரு நாள் கூலியையும் நாம் கொடுக்கலாம். முந்தைய நாள் போன் செய்து ஞாபகப்படுத்த மாணவர்கள் முன்வரலாம். இதற்குக் காப்புரிமை ஒன்றும் கிடைக்காது. எஸ்டேட் பள்ளிகளில் ஆசிரியராக இருக்கும் நம் ஆட்கள், காய்ச்சலோடு தொண்டை வலி என்று வரும் பிள்ளையை டாக்டரிடம் அனுப்பினால் போதும். எல்லாத் தொண்டை வலியும் இந்த வகையைச் சேர்ந்ததில்லை, பெரும்பாலானவை தானாகவே போகும் சாதாரண வலிதான். எது எந்த வகை என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். மூட்டு வலி இடம் மாறிப் போனால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. குழந்தையோடு சேர்ந்து வளரும் வால்வு இன்னும் நல்லபடியாக யாராலும் செய்யப்படவில்லை. அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. அதற்கு மருத்துவக் கல்லூரியில் சீட் கிடைத்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. பம்ப் தெரிந்த ஒரு மனிதர், கை நடுங்கும் 60 வயதில், இதயம் தெரிந்த ஒருவரின் கதவைத் தட்டினார். உங்களுக்கு இன்னும் நாற்பது வருஷம் இருக்கிறது.